தீவகத்து இளைஞர்க்குத் திறந்த வாயில்கள்

மணிமேகலைக் காப்பியத்திலே ஆபுத்திரன் கதை வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையிற் கொண்ட அவன், பசியால் வாடுவோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். காற்று மாறியமையால் மணிபல்லவத்திலே ஒருநாள் தங்க நேர்ந்த கப்பல், கரையில் இறங்கிய அவன் ஏறிவிட்டான் எனக் கருதி இரவோடிரவாகப் பாய் விரித்துச் சென்றுவிட்டது. கையிலே உலகைப் புரக்கும் பாத்திரம்; எதிரே உண்ண ஒருவரும் இல்லை. தன் உயிர் ஒன்றை மட்டும் ஓம்பிக்கொண்டிருக்க மனங்கொள்ளாத அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விடுத்து உண்ணாநோன்பால் உயிர் நீத்தான். மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது பலர் கொண்ட கருத்து. அவ்வாறு கொள்ளாதவர்களும் உளர். அந்த ஆராய்ச்சியை விடுத்துக் கதையை மட்டும் நோக்கினும், தீவிலே வாழ்வோர் அனைவரும் அறிந்த ஓர் உண்மை அதனுள்ளே கிடக்கின்றது. கொடுப்பவன் ஒரு கரையிலும் கொள்பவன் மறுகரையிலும் இருந்து, இடையிலே கப்பல் போய்விட்டதாயின், அமுதசுரபியும் வெறும் ஓடுதான்.

தீவக இளைஞரைக் குறித்த வரலாறு பெரும்பாலும் இந்தக் கப்பலின் வரலாறேயாகும். பாடசாலையும் நூல்நிலையமும் தொழிற்பயிற்சியும் உத்தியோகமும் இருந்த காலங்களில் அவை எக்கரையில் இருந்தன, அங்குச் செல்லும் இளைஞன் எந்த மொழியில் எந்தச் சமயத்தவனாய் எந்தச் சாதியினனாய் நுழைய வேண்டியிருந்தது என்ற இரண்டு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது வினா கடலைப் பற்றியது. இரண்டாவது வினா மனத்தைப் பற்றியது. கடலுக்குத் தாம்போதி அமைத்தோர் மனத்துக்கு அமைக்கத் தாமதித்தனர் என்பதே இக்கட்டுரை காட்ட முயலும் செய்தி.

பிறமொழியாளரை அவர்தம் மொழியிலேயே அணுக வேண்டும் என்னும் கொள்கை புதியதன்று. நயினாதீவிலே கிடைத்த கல்வெட்டொன்று இதற்குச் சான்று. 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153 - 1186) பொறிப்பித்த அச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும், யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும், வணிகப் பண்டம் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் இரண்டில் ஒரு கூறு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும் ஆகும் என்றும் விதிக்கின்றது. சிங்கள வேந்தன் ஒருவனின் ஆணை தமிழிலே வெட்டப்பட்டிருப்பது ஈண்டு நோக்கற்பாலது. எவருக்காக விதி செய்யப்பட்டதோ அவருக்கு அது விளங்க வேண்டும் என்ற எளிய நியாயத்தை அவ்வரசன் அறிந்திருந்தான். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஆட்சி நடத்தியோர் அதனை மறந்த கதை பின்னர் வரும்.

அச்சாசனம் கூறும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. யானை ஏற்றிய துறையாதலின் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் முதற்கூறு மருவிக் 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரங்களின் பெயர்களையெல்லாம் தீவுகளுக்குச் சூட்டினர்: வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் ஒன்றே அதிகம் நிலைத்தது. மற்றவை படங்களிலேயே உறங்குகின்றன. மண் வளம் குறைந்த நிலம், நன்னீர் அரிது, பனையும் கடலும் தாய் தந்தையர். ஆதலால் தீவகத்து ஆண்மக்கள் பண்டு தொட்டே வெளியூர் சென்று பிழைப்பவராயினர். ஊர்காவற்றுறையிலிருந்து வத்தைகளும் தோணிகளும் நாகபட்டினம், தொண்டி முதலிய துறைகளுக்கு ஓடின. அக்காலம் போனபின், காரைநகர், புங்குடுதீவு முதலிய ஊர்களின் சிறுவர் மீசை அரும்பு முன்பே கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் உறவினரின் கடைகளுக்கு அனுப்பப்பட்டனர். கடையிலே படுத்து, கடையிலே உண்டு, கணக்கெழுதக் கற்று, பின்னர்த் தாமே ஒரு கடைக்கு உரியவரானோர் பலர். அதனை ஒரு கலாசாலை என்றே கூறலாம். ஆயினும் அவ்வாயில் உறவுள்ளவனுக்கே திறந்தது. உறவற்றவனுக்கும் பெண்மக்களுக்கும் அது சுவரேயாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பள்ளிக்கூடம் தீவகத்துக்கு வந்தது. வந்த விதத்தை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனாரும் கத்தோலிக்கக் குருமாரும் மணலிலும் வெயிலிலும் நடந்து தீவுகளிலே பள்ளிகளை நிறுவினர். ஊர்காவற்றுறையிலே கத்தோலிக்கர் நிறுவிய புனித அந்தோனியார் கல்லூரி தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரி மாணாக்கரை விடுதியிலே இருத்தி ஊணும் உடையும் அளித்தது. தூரத்துப் பிள்ளைக்கு விடுதியே பாடசாலையின் பாதி என்பதை மிஷனார் நன்கு உணர்ந்திருந்தனர். ஆயின் அவ்வாயிலில் ஓர் ஆயம் இருந்தது. பிள்ளை உள்ளே செல்லும்போது தன் வீட்டு வழிபாட்டையும் திருநீற்றையும் வெளியே விட்டுச்செல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அது. சில குடும்பங்கள் அந்த ஆயத்தைச் செலுத்தின. சில பிள்ளையையே நிறுத்திக்கொண்டன. இரண்டும் இழப்பே.

இதனை மாற்ற எழுந்த முயற்சியின் வரலாறு இக்கல்லூரி மலரைப் படிப்போர் அறியாததன்று. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1886இல் தொடங்கப்பெற்றது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. ஈராண்டு கழித்து, 1888இல், காரைநகரிலும் ஓர் இந்துக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது. பட்டினத்தில் தோன்றிய இயக்கம் இரண்டே ஆண்டுகளிற் கடலைத் தாண்டியது என்பது சிறு செய்தியன்று. பின்னர் 1923இலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. 'இந்து போர்ட்' இராசரத்தினம் என்று மக்கள் வழங்கும் வழக்கறிஞர் சு. இராசரத்தினம் அவர்கள் அதனை உயிராகக் கொண்டு, வீடு வீடாகப் பிடியரிசியும் நன்கொடையும் நாடியேனும் சைவப் பிள்ளைக்குச் சைவப் பள்ளி வேண்டும் என்ற உறுதியோடு உழைத்தார். அரசு உதவிபெறும் பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பொறுப்பேற்ற காலத்தில் சங்கத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் இருந்தன. திருநெல்வேலியில் சங்கம் நடத்திய ஆசிரிய கலாசாலை கிராமத்து இளைஞரைக் கிராமத்துக்கே ஆசிரியராக்கி அனுப்பியது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் வெள்ளிக்கிழமை வள்ளத்துக்கு நேரம் பார்ப்பார். உள்ளூர் ஆசிரியர் பிள்ளையின் தகப்பனைச் சந்தையிலே காண்பார். இவ்வேறுபாட்டைத் தீவகத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சமயம் ஒன்றினாலே பிறர் அடைத்த வாயிலைச் சைவர் திறந்தனர். சாதியினாலே தாமே ஒரு வாயிலை அடைத்து வைத்திருந்தனர். இதனை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் வாங்கில் இருக்க அனுமதியின்றி நிலத்திலே இருத்தப்பட்டனர். 1929, 1930ஆம் ஆண்டுகளை ஒட்டி வித்தியாபகுதி உதவிபெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டும் எனப் பணித்தபோது, யாழ்ப்பாணத்திலே கண்டனக் குரல் பெரிதாய் எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கவும் பட்டன. தன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கே தீ வைக்கும் அளவுக்கு மனிதனைச் செலுத்திய அச்சம் எத்தகையது என்பது ஆராய்ச்சிக்குரியது. ஓர் ஓலைக் கொட்டிலில் ஒரு வாங்கு பொதுவானால், நாளை வயலும் கிணறும் கோயிலும் பொதுவாகிவிடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அக்கணக்கு தவறன்று, அதனாலேயே அந்த வாங்கு அத்துணைப் பெறுமதி உடையதாயிற்று.

இச்சூழலிலே இளைஞர் தாமே தமக்கென அமைத்த முதற்பெரு நிறுவனம் மாணவர் காங்கிரஸ் ஆகும். 1924 டிசம்பர் இறுதியில் யாழ்ப்பாணம் றிட்ஜ்வே மண்டபத்தில் அதன் முதலாவது மகாநாடு கூடிற்று. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரும், பின்னாளில் பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருமாகிய ஜே. வி. செல்லையா தலைமை வகித்தார். இயக்கத்தின் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் (1899 - 1977); பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர். பின்பு வாலிப காங்கிரஸ் என வழங்கிய இச்சபையிலே சைவரும் கிறித்தவரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அவர்கள் தீண்டாமை ஒழிய வேண்டும் என்று தீர்மானித்தனர். சமபந்தி போசனம் நடத்தினர். சம ஆசனக் கட்டளையை ஆதரித்தனர். தாய்மொழியும் நாட்டுக் கலைகளும் கல்வியிலே இடம்பெற வேண்டும் என்றனர். சிங்கள இளைஞரோடு நட்புறவு நாடினர். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் அவர்களே. ஆங்கிலம் கற்றோரே தலைவராய் இருந்து ஆங்கில மோகத்தைக் கண்டித்தது ஒரு முரண் போலத் தோன்றும். ஆயின் ஏணியில் ஏறியவனுக்கே அதன் படிகள் எத்தனை பேருக்கு எட்டாதவை என்பது தெரியும்.

அவர்களுடைய மாபெரும் செயல் 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்காரம். டொனமூர் அரசியற் றிட்டம் சர்வசன வாக்குரிமையைத் தந்தது, ஆனால் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்ற காரணத்தால் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு வாலிப காங்கிரஸ் அறைகூவல் விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இளைஞர் சொல்லுக்கு முதியோர் கட்டுப்பட்ட அந்நாள் யாழ்ப்பாண வரலாற்றில் ஒப்பற்றது. தென்னிலங்கை இளைஞரும் அதனைப் பாராட்டினர். ஆயின் அங்கே தேர்தல் நடந்தேறியது.

இலட்சியத்தின் தூய்மையில் ஐயமில்லை. அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. அதே 1931இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் முதலாவது கல்வி மந்திரியானார். அரசாங்க சபையின் முறைப்படி உறுப்பினர் யாவரும் ஏதேனும் ஒரு நிருவாகக் குழுவில் இடம்பெற்று, பாடசாலை, தெரு, துறைமுகம் ஆகியவற்றைப் பற்றி நேரே வாதாட வாய்ப்புடையவர். 1931 முதல் 1934 வரை ஊர்காவற்றுறைத் தொகுதிக்கென அச்சபையிலே ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு உறுப்பினர் இல்லாவிடினும் அங்கே கல்லூரிகளும் பத்திரிகைகளும் வழக்கறிஞரும் நிறைந்திருந்தனர். பட்டினத்தின் குரல் கொழும்புக்கு வேறு வழியாற் சென்றது. நெடுந்தீவின் குரல் செல்ல வேறு வழி ஏது? நால்வரும் ஒரே நோன்பு நோற்றனர். ஆனால் நால்வர் வீட்டுப் பானையும் ஒரே அளவினதாய் இருக்கவில்லை. வாலிப காங்கிரஸின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

1934இல் நடந்த இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறைக்குத் தெரிவானவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்த நெவின்ஸ் செல்வதுரை அவர்கள். மக்கள் ஆசிரியர் ஒருவரையே தேர்ந்தனர் என்பது பொருள் பொதிந்த செயல். அவர்க்குப் பின் 1936இல் வந்தவர் வேலணையிலே பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்கள். அவர் உடனே சபாநாயகராகி 1947 வரை அவ்வாசனத்தை அணிசெய்தார். தீவகத்துக்குக் கிட்டிய பெருமைகளுள் இது தலையாயது. எனினும் சபாநாயகர் விவாதத்தில் வாய் திறவார். அவையை நடத்தியவர் நம்மவர், அவையிலே தொகுதிக்காக வாதாட நம்மவர் இல்லை. அவர் அவைக்கு வெளியே செய்தனவற்றை வேலணை மக்கள் அறிவர். அங்கு எழுந்த மத்திய மகா வித்தியாலயம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மத்திய பாடசாலை என்பது கன்னங்கரா அவர்களின் சிந்தனை. 1943இல் வெளிவந்த கல்வி விசேட குழுவின் அறிக்கையை அடியொற்றி, 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்திலே பட்டினத்துக் கல்லூரிக்கு ஒப்பான பாடசாலை, ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை, தேறிய ஏழைப் பிள்ளைக்கு விடுதி வசதி என்று அது அமைந்தது. மிஷனார் விடுதியின் நன்மை இங்கே இருந்தது. வாயிலில் ஆயம் இல்லை. பிள்ளை எச்சமயத்தவனாயினும் தன் சமயத்தோடே உள்ளே செல்லலாம், தாய்மொழியிலே கற்கலாம். வேலணையில் இப்பாடசாலை அமைந்தபின், கட்டணம் கட்ட இயலாமையாற் கடைக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய எத்தனையோ சிறுவர் வகுப்பில் நிலைத்தனர். பெண்பிள்ளைகள் பெற்ற பயன் அதனினும் பெரிது. மகனைக் கடல் கடந்து அனுப்பத் துணிந்த தாய் மகளை அனுப்பத் துணியாள். பள்ளி நடந்து செல்லும் தூரத்தில் வந்தபோதுதான் மகளுக்கும் பள்ளி வந்தது.

கத்தோலிக்க ஊர்காவற்றுறையை இங்கே மறத்தல் கூடாது. அதனை அடுத்த கரம்பொனிலே 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியிலே கற்று, குருவாகித் தமிழ்த் தூதராய் உலகைச் சுற்றியவர் தனிநாயக அடிகள். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மகாநாடு கூடவும் காரணராய் இருந்த அவர், சமயத்தால் ஒரு வாயில் வழியும் மொழியால் மறு வாயில் வழியும் நுழைந்தவர். சைவப் பிள்ளைக்குச் சைவப் பள்ளி என்ற கொள்கை தன் காலத்துக்கு இன்றியமையாததாயிருந்தது. தமிழ்ப் பண்பாடு ஒரு சமயத்துக்குள் அடங்கிவிடுவதன்று என்பதற்குத் தீவகத்து மண்ணே சாட்சி தந்தது.

பாடசாலையை விட்ட இளைஞனுக்கு எது இருந்தது? இவ்விடத்திலே அரச ஆவணங்கள் பெரிதும் பேசாத ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். வாசிகசாலையே அது, பின்னாளில் சனசமூக நிலையம் எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் குறிச்சிக்கு ஒன்றெனத் தோன்றிய இந்நிலையங்களுக்குப் பெருந்தனவந்தர் எவரும் அடிக்கல் நாட்டவில்லை. கோயில் மடத்தின் ஒரு மூலையோ, ஆலமரத்தின் கீழ் ஓர் ஓலைக் கொட்டிலோ போதும். ஒரு நீள மேசை, இரண்டு வாங்கு, ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கு. 1930இலே நா. பொன்னையா அவர்கள் தொடங்கிய ஈழகேசரியும், வீரகேசரியும், பின்னாளில் 1959 முதல் நாளிதழாய் வந்த ஈழநாடும் அம்மேசையில் விரிந்தன. வெளித்தீவுகளுக்குப் பத்திரிகை வள்ளத்தோடே வரும். காற்றுக் கடுத்தால் மறுநாள் வரும். செய்தி பழையதானாலும் ஆவல் பழையதாகாது. எழுத்தறிந்த இளைஞன் உரத்து வாசிக்க, எழுத்தறியாத முதியவர் கேட்டிருந்து தம் கருத்தைச் சொல்வர். இதுவே பலருக்கு அரசியற் கல்லூரி. மாலையிலே கரப்பந்தாட்டம், இரவிலே சிறுவர்க்கு இலவச வகுப்பு, ஆண்டுதோறும் கலைவிழாவில் ஒரு நாடகம். வெளியூர்க் கடைகளில் இருந்த ஊர் இளைஞர் அனுப்பிய சந்தாப் பணமே கூரையை வேய்ந்தது.

பண்பாட்டோடு பொருந்திய இளைஞர் சேவை எது என்று அக்காலத்தில் எவரும் ஆராய்ந்து அறிக்கை எழுதவில்லை. ஆயினும் அச்சேவை அங்கே நடந்தது. நிலையத்தின் நேரம் ஊரின் நேரமாயிருந்தது: கடற்றொழிலாளி வலை உலர்த்திய பின் வரலாம், கமக்காரன் மாட்டைக் கட்டிய பின் வரலாம். மொழி ஊரின் மொழி. நடத்துவோர் ஊரின் பிள்ளைகள். எழுதிக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றுமில்லை. இத்துணை நலங்களும் இருந்தும் குறிச்சிக்கு ஒன்றெனத் தோன்றியதற்குக் காரணம் தூரம் மட்டுமன்று. குறிச்சி என்பது பெரும்பாலும் சாதியின் எல்லையாய் இருந்தமையால் வாசிகசாலையும் அவ்வெல்லைக்குள்ளே நின்றது. ஒரு குறிச்சியின் மேசையில் விரிந்த பத்திரிகையே அடுத்த குறிச்சியின் மேசையிலும் விரிந்தது. வாசித்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் சாதியாற் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் கோயிலையும் தேநீர்க்கடையையும் எட்டவே பின்னும் பத்தாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. பெண்களைப் பற்றியோ சட்டமும் பேசவில்லை, நிலையமும் பேசவில்லை. மாலையில் இளைஞர் நிறைந்த வாசிகசாலைத் திண்ணையை ஓர் இளம்பெண் கடந்து செல்வதே அரிது. உள்ளே சென்று பத்திரிகை எடுப்பதெங்ஙனம்?

அடுத்த வாயில் அரசாங்கத்தால் அடைக்கப்பட்டது. 1956இலே சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. எழுதுவினைஞர் பரீட்சையை நம்பிப் படித்த தமிழ் இளைஞனுக்கு, உத்தியோகம் ஒரே நாளில் அந்நிய மொழிக்குப் பின்னால் மறைந்தது. ஊராத்துறை வணிகர்க்குத் தமிழிலே ஆணை எழுதிய பராக்கிரமபாகுவின் நியாயம் அந்த ஆண்டிலே கைவிடப்பட்டது. தமிழும் ஆட்சிமொழி என்பது அரசியலமைப்பில் ஏற 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலும், தொடர்ந்து மாவட்ட அடிப்படையும் வந்தன. இதனால் யாழ்ப்பாண இளைஞருக்கு நேர்ந்த துன்பம் பலரால் எழுதப்பட்டது. எழுதப்படாத ஒரு கூறும் உண்டு. மாவட்டம் ஓர் அலகாகக் கொள்ளப்பட்டபோது நெடுந்தீவு மாணவனும் யாழ்ப்பாண நகரத்து மாணவனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். விஞ்ஞான ஆய்வுகூடமும் தனிப்பட்ட போதனையும் வாசற்படியில் உள்ளவனும், கடல் கொந்தளித்தால் ஆசிரியரே வராத பள்ளியில் படித்தவனும், 'முன்னேறிய மாவட்டத்தவர்' என்ற ஒரே பெயரால் சுட்டப்பட்டனர். பின்தங்கிய பகுதிக்கு நீதி செய்வதாகக் கூறிய திட்டம், முன்னேறிய மாவட்டத்துள் பின்தங்கிய தீவைக் காணாது போயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. சுருங்கக் கூறல் போதும். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். தீவகத்தார்க்குப் படகென்பது பேருந்து, வைத்தியசாலை வண்டி, தபால் எல்லாம் ஒருங்கே சேர்ந்த ஒன்று. அந்நாளுக்குப் பின் ஒரு தாய் பிள்ளையைப் பரீட்சைக்கு வள்ளமேற்றி அனுப்புவதே பெருந்துணிவாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். சிலர் குடாநாட்டிலும் வன்னியிலும் தங்கினர். சிலர் தமிழ்நாட்டுக்கும், மேலைத்தேயங்களுக்கும் சென்றனர். பற்றை மூடிய வாசிகசாலைகளின் சுவர்கள் பல்லாண்டு நின்றன. இன்று அவற்றுட் சில மீண்டும் கூரை பெற்றுள்ளன. தொறொன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழும் ஊரவர் அனுப்பும் பணம், பாட்டனார் காலத்துக் கொழும்புச் சந்தாவின் தொடர்ச்சியே.

அரசாங்கமும் இளைஞரைப் பற்றிச் சிந்திக்காதிருக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்தது. கிராமந்தோறும் இளைஞர் கழகங்களும், தொழிற்பயிற்சியும், விளையாட்டு விழாவும் அதன் பணிகள். தென்னிலங்கைக் கிளர்ச்சியின் பின்னர் 1989இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, அநீதி இழைக்கப்படுகின்றது என்ற உணர்வே இளைஞரைக் கிளர்ந்தெழச் செய்தது என்று கண்டது. ஆங்கிலம் அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும், நகரத்தானுக்கும் கிராமத்தானுக்கும் இடையே கிடந்த பிளவை அவ்வறிக்கை எடுத்துரைத்தபோது, 1924இல் யாழ்ப்பாணத்து மாணவர் கூறியதையே அரசு அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் தன் முத்திரையோடு கூறிற்று என்றே கொள்ளலாம்.

தீவகம் இப்பொழுது தனிக் கல்வி வலயம். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து வலயங்களுள் ஒன்று. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி வழியாகப் பேருந்து ஓடுகின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதை மிதக்கின்றது. குறிகட்டுவானுக்கு அப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் படகையே நம்பியிருக்கின்றன. பயிற்சி நிலையம் யாழ்ப்பாணத்தில் அமைந்து, வகுப்பு பிற்பகலில் முடிவதாயின், குறிகட்டுவானுக்குப் பேருந்திலே வந்து சேரும் நெடுந்தீவு இளைஞனுக்கு அன்றைய கடைசிப் படகு போய்விட்டிருக்கும். ஆகவே அவன் நகரிலே அறை எடுக்க வேண்டும். அறைக்கு வாடகை வேண்டும். வாடகைக்கு வேலை வேண்டும். வேலைக்கோ அப்பயிற்சி வேண்டும். பயிற்சி இலவசம் என்று அறிவித்தலில் அச்சிட்டிருக்கும். பெண்பிள்ளையாயின் அறை என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. வட்டுக்கோட்டையார் 1823இலும் கன்னங்கரா 1945இலும் கண்டுகொண்ட விடுதி என்ற ஒன்றே அவளுக்கு வாயில். நெடுந்தீவுக்கே பயிற்றுநர் சென்று சில வாரம் தங்கிக் கற்பிப்பதற்கும் கப்பல் வேண்டியதில்லை, ஒரு வள்ளம் போதும்.

நயினாதீவுத் துறையில் இறங்குவோர் நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மடத்தைக் காண்பர். அமுதசுரபி என்பது அதன் பெயர். வந்தவர் எக்குலத்தவர், எவ்வூரவர் என்று கேளாமல் இலை போடுகின்றனர். விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரும் அத்துறையிலேயே இறங்குகின்றனர். உண்டவர் எழுந்து, கடைசிப் படகுக்கு நேரமாயிற்று என்று விரைந்து துறைக்கு நடக்கின்றனர்.